ஓட்டுகிற பக்கம் மட்டும்

புக்கிட் ரோத்தான்
14.4.2024

அன்புள்ள தம்பி சேதுவுக்கு அண்ணி நல்லம்மாள் எழுதுவது. நெஞ்சு ஆபரேஷன் தையல் காய்ந்துவிட்டதா? இன்னும் கஞ்சிதானா, சோறு சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்களா? இங்கே நானும் உங்கள் அண்ணனும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் வேண்டும், பேனா நகர மாட்டேன் என்கிறது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை நான் இப்போது தொடுவதில்லை, அதனால்தான் கடிதம்.

ஒரு காரியம் ஆக வேண்டும் தம்பி. பிள்ளை தீபன் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கார் வாசலில் நிற்கிறது. நீங்கள்தான் அம்பாங் பெச்சாவில் யாரோ பாதியில் விட்டதைக் கண்டுபிடித்து, பெட்டி பெட்டியாக லோரியில் ஏற்றி வந்து அவனிடம் கொடுத்தீர்கள். நாலு வருஷமாக, தினமும் வேலை முடிந்து வந்ததும் அதோடுதான் கிடந்தான். கூரை இல்லாத கார். மழை பெய்தால் நேராக உள்ளே. நீலக் கேன்வாஸ் வாங்கிப் போர்த்தினேன். காற்று தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுத் திலகாவின் வேலியில் போட்டது. கல் வைத்துக் கட்டினேன். நடுவில் குளம் மாதிரி தேங்கி ஒரேயடியாக உள்ளே கவிழ்ந்தது.

நீங்கள் தைத்துக் கொடுத்த சீட்டில், ஓட்டுகிறவன் தலை சாய்கிற இடத்தில், அவன் தலை எண்ணெய் ஊறிய கறை இருக்கிறது. கிட்டே போனால் இன்னும் அவன் வாசம் வருகிறது. துணிமணியை எல்லாம் கருமாதி முடிந்ததும் உங்கள் அண்ணன் கொடுத்துவிட்டார். தலையணை உறையை யாரோ நல்ல மனசோடு துவைத்துப் போட்டுவிட்டார்கள். மிச்சம் அந்த இடம் மட்டும்தான். ஒவ்வொரு மழைக்கும் அதுவும் கொஞ்சம் போகிறது.

உங்கள் அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "என் கண்ணுல படாம மூடி வை. பட்டுச்சு, பழைய இரும்புக்காரனக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லிருவேன்."

பறக்காத மாதிரி, தேங்காத மாதிரி, காருக்கு அளவாக ஒரு கவர் தைத்துத் தாருங்கள். அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். அது போலீசிலேயே கிடக்கிறது.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

அண்ணி
நல்லம்மாள்


பத்தாங் காலி
26.4.2024

அன்பு அண்ணிக்கு சேதுவின் வணக்கம். அண்ணனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் நெஞ்சை நடுவில் பிளந்து, கம்பி போட்டுக் கட்டித் தைத்திருக்கிறார்கள். தையல் கோணல். என் குஷன் கடையில் இப்படித் தைத்திருந்தால் முதல் நாளே துரத்தியிருப்பேன். நடுவில் சீழ் வைத்து மறுபடி படுக்கப் போட்டார்கள். ஆகஸ்டு வரை பயணம் கூடாதாம். பையனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போக ஒரு தோள் கொடுக்கக்கூட வர முடியாமல் படுத்துக் கிடந்தவன் நான். இதையாவது செய்கிறேன்.

நான் வந்து அளவெடுக்க முடியாது, நீங்கள்தான் எடுக்க வேண்டும். பயப்படாதீர்கள். கண்ணாடி மாதிரி தெரிகிற தடிப் பிளாஸ்டிக் கடையில் கிடைக்கும். அதைக் கார் மேல் விரித்து, துணிக் கிளிப் போட்டு இறுக்குங்கள். விளிம்பு எங்கே, விளக்கு எங்கே, சக்கரத்து வளைவு எங்கே என்று மார்க்கர் பேனாவால் மேலேயே கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டி நாலு விரல் விட்டு வெட்டி அனுப்புங்கள்.

முழுக் காருக்கும் வேண்டாம். ஓட்டுகிற பக்கம் மட்டும் போதும். காருக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுதான். நாங்கள் பாதி எடுத்து, துணியை மடித்துப் போட்டு வெட்டிவிடுவோம்.

ஒன்று கேட்க வேண்டும். ஏன் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? ஃபைபர் உடம்பு, கனமே இல்லை. அண்ணனும் நீங்களும் தள்ளினால் பின்கொட்டகைக்குப் போய்விடுமே.

பிள்ளை
சேது


பத்தாங் காலி
27.4.2024

அன்பு அக்காவுக்கு ஷாமளா எழுதுகிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா?

உங்கள் கடிதத்தை நான் முதலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அவரிடம் கொடுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் என்றே நீங்களும் எழுதியிருந்தீர்கள். அப்பாடா என்றிருந்தது.

அவருக்கு இன்னும் தெரியாது அக்கா. தீபன் போனது இந்தக் காரில்தான் என்று தெரிந்தால், தான் கொண்டு வந்து கொடுத்த கார் என்று அதையே பிடித்துக்கொள்வார். அதிர்ச்சி தரும்படி எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். விபத்து நடந்த இடத்தில் யாரோ எடுத்த அந்த வீடியோ இன்னும் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் அவர் ஃபோனை ரிப்பேருக்குக் கொடுத்தேன் என்று சொல்லி அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அதை எப்படிப் பார்த்தீர்களோ. யாரும் வந்து சொல்வதற்கு முன்னால், பெற்ற தாய் ஃபோனில் பார்ப்பதா?

ஓட்டுகிற பக்கம் மட்டும் கேட்டிருக்கிறார். சாமி புண்ணியம். அந்தப் பக்கம் ஒன்றும் ஆகவில்லை அல்லவா?

ஷாமளா


புக்கிட் ரோத்தான்
19.5.2024

அன்புள்ள தம்பிக்கு, உடம்பு தேறி வருகிறது என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் அண்ணனுக்குக் கால்வலி மட்டும்.

பிளாஸ்டிக் இத்துடன் வருகிறது. தபாலில் மடித்து அனுப்பினால் கோடு அழிந்துவிடும். நல்லசாமி அண்ணன் பத்தாங் காலிக்குக் கோழி லோரி ஓட்டுகிறார், அவரிடம் கொடுத்திருக்கிறேன். நாற்றம் இருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

திலகா வந்து ஒரு முனையைப் பிடித்தாள். உங்கள் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டார். "என்னாக்கா, காருக்குப் பாவாட சட்ட தைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் நின்றேன்.

வலப்பக்கம் முழுக்கத் தடவித் தடவிக் கோடு போட்டேன். அந்த உடம்பில் அவன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத இடமே இல்லை. எங்கேயும் கை சொரசொரக்கவில்லை. விளக்கைச் சுற்றிக் கோடு போடும்போது, கண் மருத்துவர் மாதிரி உட்கார்ந்து இதைப் பூட்டினானே என்று நினைத்தேன். இன்னும் கொட்டகையில் இருப்பான், கூப்பிட்டால் வருவான் என்றுதான் கை நினைக்கிறது. தலைக்கு மட்டும்தான் தெரிகிறது, கைக்கும் காலுக்கும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

கொட்டகைக்கு ஏன் தள்ளவில்லை என்று கேட்டீர்கள். சக்கரம் உருளவில்லை.

அண்ணி
நல்லம்மாள்


பத்தாங் காலி
16.6.2024

அன்பு அண்ணிக்கு, எல்லாரையும் கேட்டதாகச் சேது.

பிளாஸ்டிக்கை விரித்ததும் கடைக்குள் கோழிப் பண்ணையே வந்துவிட்டது. ஷாமளா மூன்று தடவை சோப்புப் போட்டாள். ஆனால் கோடு இருக்கிறதே, அண்ணி, நீங்கள் இங்கே வேலைக்கு வந்திருக்கலாம்!

கவர் முடிந்துவிட்டது. நல்லசாமி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். சாம்பல் நிறம், தண்ணீர் இறங்காத துணி. விளிம்பைச் சுற்றி எலாஸ்டிக், கண்ணாடி அடியில் அமுக்குப் பொத்தான். சீட்டுக்கு நடுவில் வைக்க ஒரு வளைவுக் கம்பி இருக்கிறது, அது கூரை மாதிரி நிற்கும். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும். ஒரு சொட்டு உள்ளே போனால் என் பெயரை மாற்றிக் கூப்பிடுங்கள்.

அந்த சீட்டை அளவெடுக்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. பஞ்சு மேல் அவனை உட்கார வைத்து, முதுகு பதிந்த இடத்தைத்தான் வெட்டினேன். "சித்தப்பா, இது சீட்டா, என் முதுகுக்குச் சட்டையா?" என்றான். உங்களையும் பக்கத்தில் வைத்து ஒரு நாள் மோரிப் கடற்கரை வரை ஓட்டிக்கொண்டு போவேன் என்றான். "ரோட்ல ஓட்ட பெர்மிட் கெடைக்காதுடா, தோட்டத்துக்குள்ளயே சுத்து" என்றேன்.

இன்னும் நம்ப முடியவில்லை அண்ணி. மோட்டார் சைக்கிளை விற்றுத் தொலை என்று எத்தனை தடவை சொன்னேன். இந்தக் காரிலேயே சுற்றிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

பிள்ளை
சேது


புக்கிட் ரோத்தான்
28.7.2024

அன்புள்ள தம்பிக்கு, நலமா?

கவர் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. எழுதவில்லை. உங்கள் கடிதத்தைப் பலமுறை எடுத்துப் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் மடித்து வைத்துவிடுவேன்.

கவர் மிக நன்றாக இருக்கிறது. வலப்பக்கம் தோல் மாதிரி பிடிக்கிறது. இடது பக்கம் முன்னால் மட்டும் தொளதொளவென்று கிடக்கிறது. ஒரு சாணுக்கு மேல் துணி மிச்சம். எலாஸ்டிக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர் அந்த மூலையில் பை மாதிரி தொங்கி, காற்றடித்தால் பின்னுக்குச் சரிந்து சீட்டுக்கு ஓடுகிறது. நேற்றுத் தண்ணீர் சீட்டு விளிம்பைத் தொட்டுவிட்டது. கறைக்கு இரண்டு விரல் தள்ளி.

அந்த மூலையை மட்டும் பிடித்துத் தைக்க வழி இருந்தால் சொல்லுங்கள். ஊசி நான் பிடிப்பேன்.

அண்ணி
நல்லம்மாள்


பத்தாங் காலி
5.8.2024

அன்பு அண்ணிக்கு, வணக்கம்.

அண்ணி, கோபமில்லை. ஆனால் அது நடக்காத காரியம்! ஒரே துணியை மடித்துப் போட்டு ஒரே வெட்டாக வெட்டியது. வலப்பக்கம் தோல் மாதிரி இருந்தால் இடப்பக்கமும் தோல் மாதிரிதான் இருக்கும். முப்பது வருஷம் குஷன் கடை வைத்திருக்கிறேன், என் கவர் ஒரு பக்கம் தொங்கியது என்று ஒருத்தனும் சொன்னதில்லை. முன்பின்னாக மாட்டிவிட்டீர்களா? திலகாதான் மாட்டினாள் என்றால் நான் நம்புகிறேன்.

சும்மா பிடித்துத் தைக்காதீர்கள், கெட்டுப் போகும். இடப்பக்கத்துக்கும் பிளாஸ்டிக் எடுத்து அனுப்புங்கள். விளக்கு எங்கே, சக்கரத்து வளைவு எங்கே, எல்லாம் குறியுங்கள். எங்கே தப்பு என்று நான் பார்க்கிறேன்.

சேது


பத்தாங் காலி
6.8.2024

அக்கா, ஷாமளா. அனுப்பாதீர்கள். சரியாகிவிட்டது என்று எழுதிவிடுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். டாக்டர் பார்த்து நல்லபடியாகத்தான் சொன்னார். இருந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு ஒருவர் போய்விட்டார், எனக்கும் போய்விட வேண்டுமா?

இப்படி எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். எழுதியதை அடித்தால் பக்கம் வீணாகும், அப்படியே விடுகிறேன்.


புக்கிட் ரோத்தான்
18.8.2024

அன்புள்ள தம்பிக்கு, டாக்டர் நல்ல வார்த்தை சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அதை நம்பித்தான் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். ஷாமளா மேல் கோபப்படாதீர்கள். சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னது நான்.

இடப்பக்கத்துப் பிளாஸ்டிக் இதுதான். விளக்கு எங்கே என்று குறிக்கச் சொன்னீர்கள். விளக்கு இல்லை. இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

மோட்டார் சைக்கிள் இல்லை தம்பி. காரில்தான் போனான். பின்பக்கத்துச் செம்பனைக் காட்டுப் பாதையில், வாய்க்கால் பாலத்துச் சிமெண்டுக் கட்டையில் முன்மூலை மோதியிருக்கிறது. எதிரே யாரும் இல்லை. முந்தின நாள் மழை, மண் வழுக்கல். கார் அங்கேயே நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை.

நான் அடுப்பில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குத்தான். சத்தம் கேட்டது. பழ லோரிக்காரன் பின்கதவைப் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். அடுத்த பஜ்ஜியைப் புரட்டிப் போட்டேன். போலீசு, ஆஸ்பத்திரி, சுடுகாடு எல்லாம் யாரோ எனக்குச் சொன்ன கதை மாதிரி இருக்கிறது. அந்தப் பஜ்ஜியைப் புரட்டியது மட்டும் நேற்றுப் போல இருக்கிறது.

அடுப்பை அணைப்பதற்குள் ஃபோன் மணி அடித்தது. தோட்டத்துக் குரூப்பில் ஒரு வீடியோ. "யார் பிள்ளை இது" என்று கீழே எழுதியிருந்தது. சட்டையைப் பார்த்தேன். நான் இஸ்திரி போட்ட சட்டை.

நீங்கள் கொண்டு வந்து கொடுத்த கார்தான். அதற்காக ஒரு நாளும் உங்களைக் குறை நினைத்ததில்லை. வண்டி முதல் தடவை உயிர் பிடித்த அன்றைக்கு அவன் வீட்டுக்குள் ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். கரிக்கையோடு. அந்தச் சேலையையும் துவைத்துவிட்டேன், முட்டாள்.

எனக்குக் கவர் காரைச் சரியாகப் பிடித்தால் போதும். நீங்கள் நன்றாக இருந்தால் போதும்.

அண்ணி
நல்லம்மாள்


புக்கிட் ரோத்தான்
22.9.2024

தங்கச்சி ஷாமளாவுக்கு அக்கா எழுதுவது. அவர் எப்படி இருக்கிறார்? பதில் இல்லை. நல்லசாமி அண்ணனிடம் கேட்டேன். "கட பூட்டிக் கெடந்துச்சு லா, பக்கத்துக் கடச் சீனங்கிட்ட குடுத்துட்டு வந்தேன்" என்கிறார். ஆஸ்பத்திரியா என்று ஒரு வார்த்தை எழுது.

எண்ணெய்க் கறைக்காக ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேனா ஷாமளா? கவரின் தொங்கல் மூலைக்கு அடியில் நான் ஒரு வாளி வைத்திருக்கிறேன். மழை வரும்போதெல்லாம் போய்க் கொட்டுகிறேன். வாளி போதும். அவர் ஒன்றும் தைக்க வேண்டாம்.

அக்கா
நல்லம்மாள்


பத்தாங் காலி
2.10.2024

அண்ணி,

உயிரோடு இருக்கிறேன். ஷாமளா எழுதுகிறேன் என்றாள், நான்தான் தடுத்தேன்.

கடிதத்தைப் பிறகு படிக்கலாம் என்று முதலில் பிளாஸ்டிக்கைத்தான் பிரித்தேன். தொழில் புத்தி. நீங்கள் எங்கே தப்புப் பண்ணியிருக்கிறீர்கள் என்று காட்டிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். வலப்பக்கத்தைக் கீழே விரித்தேன். இடப்பக்கத்தைத் திருப்பி மேலே போட்டேன். பின்னால் இருந்து சரியாகப் பொருந்திக்கொண்டு வந்தது. கதவு, கண்ணாடி, எல்லாம். முன் சக்கரத்துக்கு மேல் வந்ததும் உங்கள் கோடு உள்ளே திரும்பிவிட்டது. வலப்பக்கத்து விளக்கு மட்டும் கீழே தனியாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கோடு கோணவில்லை அண்ணி. கை நடுங்கிப் போட்ட கோடு இல்லை அது. அப்போதே தெரிந்துவிட்டது. கடிதத்தைப் பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

எல்லாரும் சேர்ந்து என்னைக் குழந்தையாக்கிவிட்டீர்கள். ஷாமளாவோடு பல நாள் பேசவில்லை. கடையைத் திறக்கவில்லை. அரிசி வாளியிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தாயிற்று.

பிறகு ஒரு நாள் என் கடிதம் ஞாபகம் வந்தது. இந்தக் காரிலேயே சுற்றியிருந்தால் உயிரோடு இருந்திருப்பான் என்று எழுதினேனே. அதைப் படித்துவிட்டு, கவர் மிக நன்றாக இருக்கிறது என்று எப்படி அண்ணி உங்களால் எழுத முடிந்தது?

வாளியை எடுத்துவிடாதீர்கள்.

சேது


புக்கிட் ரோத்தான்
20.10.2024

அன்புத் தங்கச்சி ஷாமளாவுக்கு அக்கா எழுதுவது. உன் வீட்டுக்காரர் இங்கே நன்றாக இருக்கிறார். திலகா ஃபோனில் நானே உன்னிடம் சொன்னேன். ஃபோனைக் காதில் வைத்து எட்டு மாசம் ஆகிறது, அதனால் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதி அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

காலையில் கோழி லோரியிலிருந்து இறங்கினார். சட்டையெல்லாம் இறகு. கையில் தையல் பெட்டி. "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா தம்பி?" என்று கேட்டேன். "ரொட்டி வாங்கப் போறேன்னு சொன்னேன் அண்ணி" என்றார்.

நேராகக் காருக்குப் போனார். தானே பொத்தான்களைக் கழற்றிக் கவரை எடுத்தார். நான் உன்னை நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் அந்த மூலையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினார். பிறகு சீட்டின் தலை சாய்கிற இடத்தில் குனிந்தார். "இருக்கு அண்ணி" என்றார். வேறு யாரிடமும் நான் இதைக் கேட்டதில்லை. எனக்கு மட்டும்தான் வாசம் வருகிறதோ என்று பயம்.

கவரைத் திரும்பப் போட்டு, வளைந்த ஊசியும் மெழுகு நூலுமாக, கார் மேலேயே வைத்துத் தைக்க ஆரம்பித்தார். வெயிலில் மண்டி போட்டு. அப்போது கதவு திறந்தது. பிள்ளை போன பிறகு அந்தப் பக்கம் திரும்பாத மனுஷன், ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"உக்காந்து தைடா. நெஞ்சுத் தையலு விட்டுறப் போவுது."

"நீ துணியப் புடிண்ணே, இழுத்துப் புடி."

என் வீட்டுக்காரர் பிடித்தார். பிடித்தால் மூலை கையில் படத்தானே செய்யும். அவர் கை அங்கேயே நின்றது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மிச்சத் துணி ஒரு சாணுக்கு மேல் தொங்கியது. "இத வெட்டிப் போட்டுரலாமே, எதுக்குத் தொங்கவிட்டுகிட்டு?" என்றார் பெரியவர். உன் வீட்டுக்காரர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். பார்த்தார். திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"வெட்ட வேணாம்ணே. உள்ள மடிச்சு வச்சுத் தைக்கிறேன்."

பெரியவர் துணியை உள்ளே மடித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் நல்ல மழை. மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தோம். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. மூலையில் தேங்கவில்லை. மூடின பிறகும் ஒரு பக்கம் குறை என்று ரோட்டில் போகிறவனுக்குக்கூடத் தெரிகிறது. பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். இரும்புக்காரன் பேச்சை எடுக்கவில்லை. மழை விட்டதும் நான் அடியில் கையை விட்டுத் தடவினேன். சீட்டு காய்ந்து கிடந்தது. கையை எடுக்கும்போது மூலையில் அந்த மடிப்பு தட்டுப்பட்டது. கெட்டியாக இருந்தது. முழுக் காருக்கு வேண்டிய துணி அப்படியே உள்ளே இருக்கிறது.

வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். அவர் மாத்திரை போட்டார், மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டார். கையில் ரொட்டி ஒன்று கொடுத்திருக்கிறேன், பொய் சொன்னார் என்று ஏசாதே.

உன் அக்கா
நல்லம்மாள்